வேறு டொமைனில் உள்ள பகிர் டிரைவைப் பாதுகாப்பாக இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டொமைனில் உள்நுழைந்து வேலை செய்பவர் இன்னொரு டொமைனின் கோப்பு சர்வரைத் திறக்க வேண்டிய நிலை வரும்போது எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸும், பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் உள்ள அமைப்பையே முதன்மையாகக் கொண்டு விடைகள் எழுதப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டுகளில் வரும் மலர் "தலைமை" என்ற டொமைனைச் சேர்ந்தவர். அவருக்கு வேண்டிய கோப்புகள் "கிளை" என்ற டொமைனில், "கோப்பகம்" என்ற சர்வரில், "வரவுசெலவு" என்ற ஷேரில் (நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறையில்) இருக்கின்றன. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

1. கேபிள் ஒன்றுதான், பிங் கூடப் போகிறது. பிறகு ஏன் அடுத்த டொமைனின் ஷேர் பாஸ்வேர்டு கேட்கிறது?

பிங் போகிறது என்றால் இரண்டு கணினிகளுக்கும் இடையே பாதை திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். ஷேரைத் திறப்பதற்குப் பாதையோடு அடையாளமும் வேண்டும். டொமைன் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் பதிவேடு. "இவர் மலர்தான்" என்று உறுதி கூறும் அதிகாரம் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு உரியது. கிளையின் சர்வர் கிளையின் டொமைன் கன்ட்ரோலரை மட்டுமே நம்புகிறது. தலைமை கொடுத்த அடையாளத்தை அது ஏற்க வேண்டுமானால், இரண்டு டொமைன்களுக்கும் இடையே ட்ரஸ்ட் எனப்படும் நம்பிக்கை உறவு இருக்க வேண்டும். இல்லையேல் மலருக்குக் கிளையிலேயே தனியாக ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

இரண்டு டொமைன்களும் ஒரே ஃபாரஸ்டுக்குள், அதாவது ஒரே ஆக்டிவ் டைரக்டரியின் கீழ் அமைந்த டொமைன்களின் தொகுப்புக்குள், இருந்தால் அவற்றுக்கிடையே இருவழி ட்ரஸ்ட் தானாகவே அமைந்திருக்கும். ஆகவே முதலில் உங்கள் நிர்வாகியிடம் கேட்க வேண்டியது, "இரண்டும் ஒரே ஃபாரஸ்டா?" என்பதுதான். ஆம் என்றால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

2. ட்ரஸ்ட் எதுவும் இல்லை. எனக்குக் கிளை டொமைனில் ஒரு கணக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். எப்படி இணைப்பது?

கட்டளைச் சாளரத்தைச் சாதாரணப் பயனராகத் திறந்து, இந்த வரியை இடுங்கள்:

`நெட் யூஸ் இசட்: \\கோப்பகம்.கிளை.லோக்கல்\வரவுசெலவு * /யூசர்:கிளை\மலர் /பெர்சிஸ்டென்ட்:நோ`

இதில் உள்ள உடுக்குறி (*), கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் தனியாகக் கேட்கும்படி செய்கிறது. அதற்குப் பதிலாகக் கடவுச்சொல்லையே அந்த வரியில் எழுதினால், அது கட்டளை வரலாற்றிலும், கட்டளை வரிகளைப் பதிவு செய்யும் தணிக்கைப் பதிவுகளிலும் படிக்கக்கூடிய எழுத்தாகவே தங்கிவிடும். பயனர் பெயருக்கு முன்னால் டொமைன் பெயரைச் சேர்ப்பதும் கட்டாயம்; வெறும் "மலர்" என்று இட்டால் எந்த மலர் என்பது தெளிவில்லாமல் 1326 என்ற பிழையில் முடிவது வழக்கம்.

கோப்பு உலாவியில் "வேறு அடையாளச் சான்றுகளைப் பயன்படுத்தி இணை" என்ற பொருளில் உள்ள தேர்வைக் குறியிட்டும் இதையே செய்யலாம்; விளைவு ஒன்றுதான். ஆனால் அந்தக் கணக்கு உங்கள் ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும். ஒரு பிரிவு முழுவதும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் ஒரு கோப்பு அழிந்த நாளில் யார் அழித்தது என்று சர்வரின் பதிவேடு சொல்லாது. ஒருவர் பணியிலிருந்து விலகினால் அனைவரின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கும். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

3. ஐபி முகவரி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் 53 என்று பிழை வருகிறது. ஐபியையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 53 என்பது நெட்வொர்க் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழை. ஐபியில் திறப்பது பெயரில் திறக்கவில்லை என்றால் குறை, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கிறது. உங்கள் கணினி தலைமையின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது, அதற்குக் கிளையின் பெயர்கள் தெரியாது. தலைமையின் டிஎன்எஸ்ஸில் "கிளை.லோக்கல் என்று முடியும் எதையும் கிளையின் டிஎன்எஸ் சர்வரிடம் கேள்" என்று ஒரு கண்டிஷனல் ஃபார்வர்டர் அமைப்பதே நேரான தீர்வு. அதன் பிறகும் குறும்பெயர் (வெறும் "கோப்பகம்") மட்டும் வேலை செய்யாமல் இருக்கலாம், ஏனெனில் உங்கள் கணினி குறும்பெயரோடு தன் டொமைனின் பின்னொட்டையே ஒட்டிப் பார்க்கும். முழுப்பெயரை எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஐபியை ஏன் விட வேண்டும் என்பதற்கான காரணம் அடுத்த விடையில் இருக்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து ஒப்பேற்றுபவர்களும் உண்டு. அது சர்வரின் பெயரை மட்டும் தீர்த்துவைக்கும். டொமைன் கன்ட்ரோலர்களைக் கண்டுபிடிக்க உதவும் சேவைப் பதிவுகளை அதில் எழுத முடியாது.

4. கெர்பரோஸ், என்டிஎல்எம் என்கிறார்கள். டிரைவ் திறந்தால் போதாதா, எது நடந்தால் எனக்கென்ன?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு விடையைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கெர்பரோஸும் என்டிஎல்எம்மும் விண்டோஸ் உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கும் இரண்டு முறைகள். ட்ரஸ்ட் உள்ள இடத்தில் கெர்பரோஸ் முறைப்படி மலரின் கணினி முதலில் தலைமையின் டொமைன் கன்ட்ரோலரிடம் கோப்பகத்துக்கான டிக்கெட்டை, அதாவது நுழைவுச் சான்றை, கேட்கிறது. அது தன் டொமைனில் இல்லாத சர்வர் என்பதால், கிளையின் டொமைன் கன்ட்ரோலரிடம் காட்ட வேண்டிய ஓர் இடை டிக்கெட்டைத் தருகிறது. அறிமுகக் கடிதம் போன்றது அது. அதை எடுத்துக்கொண்டு மலரின் கணினியே நேராகக் கிளையின் டொமைன் கன்ட்ரோலரிடம் 88 என்ற போர்ட்டில் (எண்ணிட்ட நெட்வொர்க் வாயிலில்) சென்று, கோப்பகத்துக்கான இறுதி டிக்கெட்டைப் பெறுகிறது. அந்த டிக்கெட் உண்மையான கோப்பகம் மட்டுமே திறக்கக்கூடிய சாவியால் பூட்டப்பட்டது. ஆகவே சர்வர் போலியானதாக இருந்தால் அதனால் பயனில்லை.

என்டிஎல்எம் முறையில் கதை வேறு. மலரின் கணினி கோப்பகத்திடம் மட்டும் பேசுகிறது; சர்வர் ஒரு சவால் எண்ணை அனுப்ப, கடவுச்சொல்லின் அடிப்படையில் கணித்த விடையைக் கணினி திருப்பி அனுப்புகிறது; அதைச் சரிபார்க்கும் வேலை டொமைன் கன்ட்ரோலர்களுக்கிடையே பின்னால் நடக்கிறது. எதிரே இருப்பது உண்மையில் கோப்பகம்தானா என்பதைக் கணினி உறுதி செய்வதில்லை. இடையில் நுழைந்த ஒருவர் அந்த விடையை வேறொரு சர்வருக்குக் கடத்தி மலரின் பெயரில் நுழையலாம். அல்லது அதைப் பிடித்துவைத்து, எளிய கடவுச்சொல்லாக இருந்தால் நிதானமாக ஊகித்துக் கண்டுபிடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2024-இல் என்டிஎல்எம்மைக் கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இரண்டில் எது நடந்தாலும் டிரைவ் ஒன்றுபோலவே திறக்கும் என்பதுதான் சிக்கல். ஐபி முகவரியில் திறந்தால், வழக்கமான அமைப்பில், கெர்பரோஸ் முயலப்படுவதே இல்லை. 88 அடைபட்டிருந்தாலும் விண்டோஸ் எந்த அறிவிப்பும் இல்லாமல் என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். சரிபார்க்க, டிரைவைத் திறந்த பிறகு `கேலிஸ்ட்` என்று தட்டச்சு செய்யுங்கள். வரும் பட்டியலில் "சிஐஎஃப்எஸ்/கோப்பகம்.கிளை.லோக்கல்" என்ற டிக்கெட் இருந்தால் கெர்பரோஸ் வேலை செய்கிறது. இல்லையென்றால் நீங்கள் என்டிஎல்எம்மில் இருக்கிறீர்கள்.

5. கெர்பரோஸ் சில கணினிகளில் மட்டும் தோற்கிறது. எல்லாம் ஒரே அமைப்புதான்.

அந்தக் கணினிகளின் கடிகாரத்தைப் பாருங்கள். கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட நேர வேறுபாட்டையே பொறுத்துக்கொள்ளும். இரண்டு டொமைன்களும் தனித்தனி நேர மூலங்களைப் பின்பற்றினால் அவை மெல்ல மெல்ல விலகிச் செல்லும். இரண்டையும் நம்பகமான ஒரே மூலத்தோடு பொருத்துங்கள்.

6. ட்ரஸ்ட் எந்தத் திசையில் போட வேண்டும்? எப்போதும் குழப்பமாக இருக்கிறது.

கோப்பு எங்கே இருக்கிறதோ அந்த டொமைன் நம்ப வேண்டும். ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த டொமைன் நம்பப்பட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கிளை தலைமையை நம்புகிறது. இந்த ஒருவழி ட்ரஸ்டே போதும். கிளையின் ஆட்கள் தலைமையின் கோப்புகளைத் திறக்க வேண்டிய தேவை இல்லாதபோது, "பின்னால் உதவும்" என்று இருவழியாக அமைப்பது தேவையற்ற கதவொன்றைத் திறந்துவைப்பதாகும்.

தனித்தனி ஃபாரஸ்டுகளாக இருந்தால் ஃபாரஸ்ட் ட்ரஸ்டையே தேர்ந்தெடுங்கள். நான்காம் விடையில் சொன்ன டிக்கெட் பயணம் சீராக நடக்க அதுவே ஏற்றது. நிறுவனங்கள் தற்காலிகமாக மட்டுமே சேர்ந்து வேலை செய்கின்றன, பத்துப் பேருக்குத்தான் அணுகல் வேண்டும் என்றால், ட்ரஸ்டைத் தவிர்த்து இரண்டாம் விடையில் உள்ளபடி தனிக்கணக்குகள் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். வேலை முடிந்ததும் கணக்குகளை மூடுவது எளிது. வேரூன்றிய ட்ரஸ்டை அகற்ற யாரும் துணிவதில்லை.

7. ட்ரஸ்ட் போட்டுவிட்டால் தலைமையில் உள்ள எல்லாரும் எங்கள் சர்வர் எல்லாவற்றிலும் நுழைந்துவிடுவார்களே?

நுழைவதற்கு அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும். ட்ரஸ்ட் அடையாளத்தை ஏற்பதோடு நிற்கிறது. ஆயினும் உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. "சரிபார்க்கப்பட்ட பயனர்கள்" என்ற உள்ளமைந்த குழுவுக்கு எங்கெல்லாம் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் தலைமையின் ஆட்களும் அந்தக் குழுவினராகவே கருதப்படுவார்கள். பழைய ஷேர்களில் "எல்லோரும்" என்ற குழுவுக்குப் படிக்கும் உரிமை கிடப்பது மிகச் சாதாரணம்.

அதற்கான காப்புதான் செலக்டிவ் ஆதென்டிகேஷன். ட்ரஸ்டின் பண்புகளில் அதை இயக்கினால், மறு டொமைனின் ஆட்கள் எந்தச் சர்வரையும் தொட முடியாது. கோப்பகத்தின் கணினிக் கணக்கில் "அங்கீகாரம் பெற அனுமதி" என்ற பொருள்படும் உரிமையைக் குறிப்பிட்ட குழுவுக்குக் கொடுத்த பிறகே அந்த ஒரு சர்வர் மட்டும் அவர்களுக்குத் திறக்கும். அந்த உரிமை இல்லாதவருக்கு 1935 என்ற பிழை வரும். இதைக் கடவுச்சொல் பிழை என்று எண்ணிப் பல மணி நேரம் வீணாக்குபவர்கள் இருக்கிறார்கள்.

எஸ்ஐடி (அடையாள எண்) வடிகட்டல் என்ற இன்னொரு காப்பு, வெளி ட்ரஸ்டிலும் (இரண்டு தனி டொமைன்களுக்கு இடையிலானது) ஃபாரஸ்ட் ட்ரஸ்டிலும் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மறு டொமைனின் நிர்வாகி ஒருவர் உங்கள் டொமைனின் உயர் அதிகாரக் குழுவின் அடையாள எண்ணைத் தன் ஆளின் டிக்கெட்டில் செருகி அனுப்பினால், அதை வடிகட்டி எறிவது இதுவே. கணக்குகளை இடம்பெயர்க்கும் வேலைக்காக இதைத் தற்காலிகமாக அணைப்பார்கள். வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள்.

8. எங்கள் குழுவில் அவர்களைச் சேர்க்கப் போனால் பட்டியலில் அந்த டொமைனே வரவில்லை.

நீங்கள் சேர்க்க முயல்வது குளோபல் குழுவாக இருக்கும். அதில் தன் டொமைனின் கணக்குகளுக்கு மட்டுமே இடம். யூனிவர்சல் குழு தன் ஃபாரஸ்டோடு நின்றுவிடும். நம்பப்படும் வேறு ஃபாரஸ்டின் ஆட்களை ஏற்பது டொமைன் லோக்கல் குழுவே. ஆகவே தலைமையில் "வரவுசெலவு பார்ப்போர்" என்று ஒரு குளோபல் குழு. கிளையில் "வரவுசெலவு படிக்கும் உரிமை" என்று ஒரு டொமைன் லோக்கல் குழு. முதலாவதை இரண்டாவதன் உறுப்பினராக்குங்கள். கோப்புறையில் இரண்டாவதன் பெயரை மட்டும் எழுதுங்கள். ஆள் மாறும்போது தலைமை தன் குழுவைத் திருத்தினால் போதும், கிளையின் கோப்புறையைத் தொட வேண்டியதில்லை.

ஷேர் அனுமதி, கோப்புறையின் மீதுள்ள என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டில் எது குறுகியதோ அதுவே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். கோப்புறையில் எழுதும் உரிமை கொடுத்துவிட்டு, ஷேரில் "படிக்க மட்டும்" என்று விட்டால் 5 என்ற பிழை, அதாவது அனுமதி மறுப்பு, வந்துகொண்டே இருக்கும்.

9. குழுவில் சேர்த்து அரை மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் அனுமதி மறுப்புதான்.

உங்கள் குழு உறுப்பினர் விவரங்கள் உள்நுழையும்போதே டிக்கெட்டில் எழுதப்பட்டுவிடுகின்றன. டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். கணினியைப் பூட்டித் திறப்பதை இதற்கு ஈடாக எண்ண வேண்டாம்.

10. அனுமதிப் பட்டியலில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிகிறது. யாரோ ஊடுருவிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அது மறு டொமைனின் கணக்கொன்றின் அடையாள எண். அதைப் பெயராக மாற்றித் தரும் டொமைன் கன்ட்ரோலரை அந்த நேரத்தில் எட்ட முடியவில்லை, அல்லது அந்தக் கணக்கே அழிக்கப்பட்டுவிட்டது. இணைப்பு சரியாக இருந்து சில எண்கள் மட்டும் பெயராக மாறவில்லை என்றால் அவை இறந்த கணக்குகள். எண்ணைப் பார்த்ததும் நீக்கிவிடாதீர்கள். இணைப்பைச் சரிபார்த்த பிறகு நீக்குங்கள்.

11. ஃபயர்வால் குழுவிடம் எந்தெந்தப் போர்ட் கேட்க வேண்டும்? 445 மட்டும் போதும் என்கிறார்கள்.

கோப்புப் பகிர்வுக்கான 445 மட்டும் திறந்தால் டிரைவ் திறந்துவிடும். அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் நான்காம் விடையில் விவரித்த பயணத்தை நினைத்துப் பாருங்கள்: மலரின் கணினி கிளையின் டொமைன் கன்ட்ரோலரை 88-இல் எட்ட முடியாவிட்டால் இணைப்பு என்டிஎல்எம்முக்கு இறங்கும். ஆகவே பயனர் கணினிகளிலிருந்து கோப்பகத்துக்கு டிசிபி 445. கிளையின் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு 88, அவற்றைக் கண்டறிய 389. கடவுச்சொல்லை மாற்றும் வசதி வேண்டுமானால் 464. டிஎன்எஸ்ஸின் 53 இரண்டு பக்கத்து டிஎன்எஸ் சர்வர்களுக்கு இடையே திறந்தால் போதும். டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இடையே மட்டும் 135, மேலும் 49152 முதல் 65535 வரையிலான மாறும் போர்ட்டுகளும் தேவைப்படும். அவற்றைப் பயனர் கணினிகளுக்குத் திறக்க வேண்டியதில்லை.

இணையத்தை நோக்கி 445 ஒருபோதும் திறந்திருக்கக் கூடாது, உள்வரவாக மட்டுமல்லாமல் வெளிச்செல்லும் வழியாகவும். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது, கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக, இந்தப் போர்ட்டில்தான். வெளிச்செல்லும் 445 திறந்திருந்தால், ஒரு மின்னஞ்சலில் ஒளித்துவைத்த நெட்வொர்க் பாதையே உங்கள் கணினியை வெளிச் சர்வரிடம் என்டிஎல்எம் விடையை ஒப்புவிக்கச் செய்துவிடும். 2023 மார்ச்சில் அவுட்லுக்கில் திருத்தப்பட்ட குறை இத்தகையது. வெளியிலிருந்து வருவோருக்கு விபிஎன் (பாதுகாக்கப்பட்ட தனிவழி இணைப்பு) கொடுங்கள். விண்டோஸ் சர்வர் 2025 இருந்தால், யுடிபி 443 வழியாக டிஎல்எஸ் 1.3 பாதுகாப்போடு செல்லும் எஸ்எம்பி ஓவர் குவிக் என்ற முறையும் உண்டு.

12. கோப்பு வழியில் போகும்போது யாராவது படிக்க முடியுமா?

குறியாக்கம் இயக்கப்படவில்லை என்றால் முடியும். உள்நுழைவு எவ்வளவு பாதுகாப்பாக நடந்தாலும், அதன் பிறகு செல்லும் கோப்பின் உள்ளடக்கம் இயல்பாகக் குறியாக்கம் செய்யப்படுவதில்லை. எஸ்எம்பி 3.0-இலிருந்து, அதாவது விண்டோஸ் 8, சர்வர் 2012 காலத்திலிருந்து, இந்த வசதி இருக்கிறது. சர்வரில் பவர்ஷெல்லைத் திறந்து `செட்-எஸ்எம்பிஷேர்` கட்டளையால் அந்த ஷேருக்கு மட்டும் "என்கிரிப்ட்டேட்டா" என்பதை இயக்கலாம். அதன் பிறகு விண்டோஸ் 7 போன்ற, எஸ்எம்பி 3 அறியாத கணினிகள் அந்த ஷேரைத் திறக்க முடியாது. அவை இன்னும் நெட்வொர்க்கில் இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். பயனர் பக்கத்திலிருந்தும் `நெட் யூஸ்` வரியில் `/ரிகொயர்பிரைவசி` என்று சேர்த்து, குறியாக்கம் இல்லையேல் இணைப்பே வேண்டாம் என்று வலியுறுத்தலாம்.

எஸ்எம்பி கையொப்பம் இதிலிருந்து வேறுபட்டது. அது உள்ளடக்கத்தை மறைப்பதில்லை. வழியில் யாரும் மாற்றவில்லை என்பதை உறுதி செய்கிறது, கடத்தல் தாக்குதலையும் தடுக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். இரண்டு டொமைன்களுக்கு இடையிலான ஷேருக்கு இரண்டையும் கேளுங்கள். குறியாக்கம் இயங்கும்போது கையொப்பத்தின் வேலையையும் அதுவே செய்துவிடும்.

13. தினமும் பாஸ்வேர்டு அடிக்கச் சலிப்பாக இருக்கிறது. ஒரு பேட்ச் கோப்பில் எழுதி ஸ்டார்ட்அப்பில் போட்டுவிடலாமா?

கூடாது. பேட்ச் கோப்பு என்பது யாரும் திறந்து படிக்கக்கூடிய எழுத்து. அது காப்புப் பிரதியிலும், மின்னஞ்சல் இணைப்பிலும், பழைய கணினியின் வட்டிலும் பரவிவிடும். குரூப் பாலிசியில் (டொமைனின் கணினிகளுக்குப் பொதுவாக அனுப்பும் அமைப்புகளில்) டிரைவ் இணைப்போடு கடவுச்சொல்லையும் எழுதிவைப்பதும் இதே கதைதான். அங்கே குறியாக்கம் இருந்தது, ஆனால் அதற்கான சாவி மைக்ரோசாஃப்டின் ஆவணத்திலேயே வெளியாகியிருந்தது; 2014 மே மாதத்தில் எம்எஸ்14-025 என்ற திருத்தம் அந்த வசதியை நீக்கியது. அதற்கு முன் எழுதப்பட்டவை தானாக அழியவில்லை. பழைய டொமைன்களில், டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்வால் கோப்புறையில் "சிபாஸ்வேர்டு" என்று தேடிப் பாருங்கள்.

ட்ரஸ்ட் இருந்தால் சேமிக்க வேண்டிய தேவையே எழாது. ட்ரஸ்ட் இல்லாத நிலையில் ஏற்கத்தக்கது, விண்டோஸின் கடவுச்சொல் பெட்டகமான கிரெடென்ஷியல் மேனேஜர்: `சிஎம்டிகீ /ஆட்:கோப்பகம்.கிளை.லோக்கல் /யூசர்:கிளை\மலர் /பாஸ்` என்று, கடவுச்சொல்லை எழுதாமல் விட்டால், அது தனியாகக் கேட்டுச் சேமித்துக்கொள்ளும். ஒரே ஒரு சர்வரின் முழுப்பெயரைக் கொடுங்கள். உடுக்குறி போட்டு டொமைன் முழுவதற்கும் சேமிக்காதீர்கள். அந்தக் கணினியில் நிர்வாகி உரிமை பெற்றவர் அதைப் பிரித்தெடுக்கும் கருவிகள் உள்ளன என்பதால் பொதுக் கணினிகளில் இதுவும் வேண்டாம்.

14. ஏற்கெனவே ஒரு ஷேர் திறந்திருக்கிறது. இன்னொரு கணக்கில் அதே சர்வரின் வேறு ஷேரைத் திறந்தால் 1219 வருகிறது.

ஒரே உள்நுழைவு அமர்வில், ஒரே சர்வர் பெயருக்கு, இரண்டு வெவ்வேறு கணக்குகளை விண்டோஸ் ஏற்காது. `நெட் யூஸ்` என்று மட்டும் தட்டச்சு செய்து பட்டியலைப் பாருங்கள். டிரைவ் எழுத்து இல்லாத இணைப்புகளும், "ஐபிசி" என்று முடியும் இணைப்பும் இருக்கலாம். அந்தச் சர்வருக்கான எல்லாவற்றையும் `/டிலீட்` கொண்டு நீக்கிவிட்டு, ஒரே கணக்கில் இரண்டையும் இணையுங்கள். வெளியேறி உள்நுழைந்தாலும் தீரும்.

ஒன்றைப் பெயராலும் மற்றதை ஐபியாலும் திறந்தால் பிழை வராது என்ற தந்திரம் பரவலாகச் சொல்லப்படுகிறது. வேலை செய்யும், ஆனால் ஐபி வழியில் போகும் இணைப்பு என்னவாகும் என்பதை நான்காம் விடையில் பார்த்தோம். ஒருவருக்கு ஒரே சர்வரில் இரண்டு கணக்குகள் தேவைப்படுகிறது என்றால், அனுமதிகள் தவறாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, அதைத் திருத்துங்கள்.

15. கிளை டொமைனின் கடவுச்சொல் காலாவதியாவது எனக்குத் தெரியவே மாட்டேனென்கிறது. திடீரென்று ஒரு நாள் நின்றுவிடுகிறது.

நீங்கள் கிளையின் எந்தக் கணினியிலும் நேரில் உள்நுழைவதில்லை. எனவே "இன்னும் சில நாட்களில் காலாவதியாகும்" என்ற எச்சரிக்கை உங்களுக்கு வருவதற்கு வழியே இல்லை. 1330 என்றால் காலாவதியாகிவிட்டது. 1907 என்றால் முதல் உள்நுழைவில் மாற்ற வேண்டும் என்று நிர்வாகி குறித்திருக்கிறார், டிரைவ் இணைப்பின் வழியாக அதைச் செய்ய முடியாது. கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கடவுச்சொல்லை மாற்றும் திரையில் பயனர் பெயர் கட்டத்தை "கிளை\மலர்" என்று திருத்தினால், கிளையின் டொமைன் கன்ட்ரோலரை எட்ட முடிகிற இடங்களில் அங்கிருந்தே மாற்றலாம். கணக்கு வழங்கும் நிர்வாகிகள் காலாவதிக்கு முன் மின்னஞ்சல் போகும்படி அமைத்துவிட்டால் இந்தத் துன்பமே இல்லை.

மாற்றிய கையோடு, சேமித்துவைத்த பழைய கடவுச்சொல்லைக் கிரெடென்ஷியல் மேனேஜரிலிருந்து நீக்குங்கள். இல்லையென்றால் கணினி பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பி, கணக்கைப் பூட்டவைத்துவிடும். எங்கிருந்து தவறான கடவுச்சொல் வருகிறது என்பதைக் கிளையின் டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற நிகழ்வுப் பதிவு, கணினியின் பெயரோடு சொல்லும்.

16. விபிஎன் போட்டதும் தலைமையின் சொந்த ஷேரே பாஸ்வேர்டு கேட்கிறது. நேற்றுவரை சரியாக இருந்தது.

விண்டோஸில் உள்ளமைந்த விபிஎன்னில் கிளையின் கணக்கைக் கொடுத்து இணைத்திருப்பீர்கள். விபிஎன்னுக்குக் கொடுத்த கணக்கையே நெட்வொர்க் வளங்களுக்கும் பயன்படுத்துவது அதன் இயல்பு. ஆகவே தலைமையின் சர்வரிடம் கிளையின் மலராகப் போய் நிற்கிறீர்கள். விபிஎன் அமைப்பைத் தாங்கும் "ராஸ்ஃபோன்.பிபிகே" கோப்பில் "யூஸ்ராஸ்கிரெடென்ஷியல்ஸ்" என்ற வரியின் மதிப்பை 1-இலிருந்து 0 ஆக்கினால் இது நின்றுவிடும்.

17. டிரைவ் கண்முன்னே இருக்கிறது, ஆனால் நிர்வாகியாகத் திறந்த சாளரத்திலும் டாஸ்க் ஷெட்யூலரிலும் இல்லை என்கிறது.

டிரைவ் எழுத்து கணினிக்கு உரியதன்று, உள்நுழைவு அமர்வுக்கு உரியது. நிர்வாகியாகத் திறந்த சாளரமும், திட்டமிட்ட பணியும் வேறு அமர்வுகள். ஸ்கிரிப்ட்டுகளில் டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு முழுப் பாதையை எழுதுங்கள். இரு அமர்வுகளையும் இணைத்துக் காட்டும் ஒரு ரெஜிஸ்ட்ரி மாற்றம் உண்டு. ஆனால் உரிமை குறைந்த பக்கத்தில் இணைத்த டிரைவ், உரிமை மிகுந்த பக்கத்திலும் தோன்றுவது பாதுகாப்புக்கு நல்லதல்ல.

இரவில் தானாக நடக்கும் நகலெடுப்புக்கு, ட்ரஸ்ட் இருந்தால், தலைமையில் ஒரு சேவைக் கணக்கு உருவாக்கி அதற்கு ஒரே ஒரு கோப்புறையில் மட்டும் உரிமை கொடுங்கள். ட்ரஸ்ட் இல்லையென்றால், அந்தப் பணியை இயக்கும் கணக்கின் அமர்வுக்குள் சென்று பதின்மூன்றாம் விடையில் உள்ள `சிஎம்டிகீ` வரியை இடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்தது அந்தப் பணிக்குப் பயன்படாது.

18. அங்கே இருப்பது பழைய சேமிப்புக் கருவி. எஸ்எம்பி 1-ஐ இயக்கச் சொல்கிறது.

இயக்காதீர்கள். 2017-இல் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 புதிதாக நிறுவப்படும்போது எஸ்எம்பி 1 இயல்பாகச் சேர்க்கப்படாததற்குக் காரணம், அதில் குறியாக்கமும் நம்பத்தக்க காப்பும் இல்லாமையே. கருவியின் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்எம்பி 2 அல்லது 3 கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் கோப்புகளை இடம் மாற்றிவிட்டுக் கருவியை ஓய்வுபெறச் செய்யுங்கள். 1272 என்ற பிழை வந்தால் அது வேறு: கருவி கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை வழங்குகிறது, விண்டோஸ் மறுக்கிறது. கருவியில் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள கணக்கை உருவாக்குங்கள்.

19. லினக்ஸ் கணினியிலிருந்து இதே ஷேரை இணைக்க வேண்டும்.

`மவுன்ட் -டி சிஐஎஃப்எஸ்` கட்டளையில் கடவுச்சொல்லை எழுதாமல், பயனர் பெயர், கடவுச்சொல், டொமைன் மூன்றும் தனித்தனி வரிகளாக உள்ள ஒரு கோப்பைச் சுட்டுங்கள். அந்தக் கோப்பின் அனுமதி 600 ஆக இருக்கட்டும். தேர்வுகளில் "வெர்ஸ்=3.1.1" என்பதையும், குறியாக்கத்துக்கு "சீல்" என்பதையும் சேருங்கள். இதைவிட நல்லது, `கேஇனிட்` கொண்டு டிக்கெட் பெற்று "செக்=கேஆர்பி5" என்று இணைப்பது; அப்போது கடவுச்சொல் கோப்பே தேவையில்லை. பெயர், நேரம், 88 பற்றி மேலே சொன்ன அனைத்தும் இங்கும் பொருந்தும்.

20. என்டிஎல்எம் அவ்வளவு மோசமென்றால் ஒரேயடியாக அணைத்துவிடலாமே?

அணைப்பதே இலக்காக இருக்கட்டும், ஆனால் முதலில் அளந்து பாருங்கள். கோப்பகத்தில் 4624 என்ற நிகழ்வுப் பதிவு ஒவ்வொரு உள்நுழைவும் கெர்பரோஸா என்டிஎல்எம்மா என்று காட்டும். என்டிஎல்எம்மில் வருபவற்றைப் பிரித்தால், ஐபி முகவரியில் இணைப்பவர்களும், 88 அடைபட்ட இடங்களும் முதலில் தெரியும். அடுத்து மாற்றுப்பெயர்கள்: பழைய சர்வரின் பெயரை டிஎன்எஸ்ஸில் கோப்பகத்துக்குத் திருப்பிவிட்டிருந்தால், அந்தப் பெயருக்குரிய சேவை அடையாளம் ஆக்டிவ் டைரக்டரியில் இல்லாததால் டிக்கெட் கிடைக்காது. `நெட்டாம் கம்ப்யூட்டர்நேம்` கட்டளையால் மாற்றுப்பெயரை முறையாகச் சேர்த்தால் அதுவும் கெர்பரோஸுக்கு வந்துவிடும்.

ட்ரஸ்ட் இல்லாமல் தனிக்கணக்கில் வருபவர்களே கடினமான பகுதி. அவர்களின் கணினி கிளையின் டொமைன் கன்ட்ரோலரைப் பெயரால் கண்டறிந்து 88-இல் எட்ட முடிந்தால், முழு டொமைன் பெயரோடு கணக்கைக் கொடுக்கும்போது பொதுவாகக் கெர்பரோஸ் அமைகிறது. எட்ட முடியாதவர்களுக்கு என்டிஎல்எம்மைத் தவிர வழியில்லை. அவர்களுக்குக் கையொப்பமும் குறியாக்கமும் கட்டாயமாக இருக்கட்டும்.

பிறகு பயனர் கணினிகளில் வெளிச்செல்லும் என்டிஎல்எம்மைக் கட்டுப்படுத்தும் பாலிசியை முதலில் தணிக்கை நிலையில் வையுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் `நெட் யூஸ்` வரியில் `/பிளாக்என்டிஎல்எம்` என்று சேர்த்து ஒவ்வோர் இணைப்பையும் தனியாகச் சோதிக்கலாம். மறுப்பு நிலைக்கு மாற்றும் நாளில் இன்னும் திருத்த முடியாத சர்வர்களை விதிவிலக்குப் பட்டியலில் முழுப்பெயரோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும், அது பட்டியலிலிருந்து நீங்க வேண்டிய தேதியையும் குறித்துவையுங்கள்.